நாய் கடித்த பின்: காயத்தைக் கழுவுவதிலிருந்து இழப்பீடு பெறுவது வரை

முதல் ஒரு மணி நேரம்

நாய் கடித்தவுடன் யார் மீது தவறு, யாரிடம் முறையிடுவது, செலவை யார் ஏற்பது என்ற கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுவது இயல்பு. அவை அனைத்தும் கால் மணி நேரம் காத்திருக்கலாம். காயம் மட்டும் காத்திருக்கக் கூடாது. கடிபட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் பிடித்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடத் தோன்றும். அந்தப் பதற்றம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் கொழுப்பாலான ஓர் உறைக்குள் இருக்கிறது; அந்த உறையைச் சிதைக்கும் வல்லமை சோப்புக்கு உண்டு என்பதால், மருத்துவமனையின் வாசலைத் தொடுவதற்கு முன்பே நம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய சிகிச்சை இது. கழுவிய பின் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி கையில் இருந்தால் தடவலாம். பொடி, எண்ணெய், இலைச்சாறு, எரிச்சல் தரும் களிம்பு ஆகிய எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. ரத்தம் பீறிட்டு வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்; இல்லையெனில் இறுக்கமான கட்டுப் போடாமல் விட்டுவிடுவதே நல்லது.

கழுவி முடித்து, மருத்துவர் கட்டுப் போடுவதற்கு முன் காயத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு தெரியும்படி பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து ஒரு படம், உடலின் எந்தப் பகுதி என்று தெரியும்படி சற்று விலகி ஒரு படம் என இரண்டு வகையாக எடுத்தால் போதும். கிழிந்த உடையைத் துவைக்காமல், தைக்காமல், ஒரு காகிதப் பையில் போட்டு வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் சில நிமிடங்களே ஆகும். ஆனால் பின்னாளில் “லேசாகப் பல் பட்டது, அவ்வளவுதான்” என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, இந்தச் சில நிமிட வேலைக்கு ஈடான பதில் வேறு எதுவும் இருக்காது.

கடிபட்டது குழந்தையாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. ரேபிஸ் ஐயத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுமிடம் முகமும் கழுத்துமாக இருப்பதால், பெரியவருக்குக் கணுக்காலில் விழும் கடி குழந்தைக்குக் கன்னத்தில் விழக்கூடும். மூளைக்கு அருகில் உள்ள காயத்திலிருந்து வைரஸ் விரைவாகப் பரவும் என்பதால் அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் தவறுதான். திட்டு விழுமோ என்ற அச்சத்தில் குழந்தைகள் கடியை மறைப்பதுண்டு. ஆகவே நாயின் அருகில் போனதற்காகக் கண்டிப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்து, நடந்ததை அமைதியாகக் கேட்டு அறிவதே பெற்றோர் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது.

மருத்துவரிடம் பேச வேண்டியவை

ரேபிஸுக்கு அறிகுறி தோன்றிய பின் மருந்து இல்லை என்றே கொள்ள வேண்டும். தோன்றியவர்கள் ஏறத்தாழ அனைவரும் இறக்கிறார்கள். கடிக்கும் அறிகுறிக்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். மனிதர்களுக்கு இந்நோய் வருவதில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே நேர்கிறது. மறுபக்கம், அறிகுறிக்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் இது கிட்டத்தட்ட முழுதாகத் தடுக்கக்கூடிய நோய். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி கொடுத்துக் காப்பாற்றியதிலிருந்து இந்த வழி திறந்திருக்கிறது.

மருத்துவர்கள் கடியை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காயமில்லாத தோலை நாய் நக்குவதும் நாயைத் தொடுவதும் முதல் வகை. அதற்குக் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறலும், தோலைப் பல்லால் லேசாகக் கவ்வியதும் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள புண்ணிலோ கண், வாய் போன்ற ஈரச் சவ்விலோ பட்ட எச்சில் ஆகியவை மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் வேண்டும். ஒரே ஒரு பல் துளைத்திருந்தாலும் அது மூன்றாம் வகைதான்.

இந்த இம்யூனோகுளோபுலினைப் பற்றியே நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் பலருக்கு அதன் பெயரே தெரியாது. தடுப்பூசி நம் உடலை எதிர்ப்பொருள் உண்டாக்கத் தூண்டுகிறது. அதற்கு ஒரு வாரம் போல ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸை முடக்குவதற்காக, ஆயத்தமாக உள்ள எதிர்ப்பொருளைக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் ஊசியால் செலுத்துகிறார்கள். உடல் எடையைக் கொண்டே அளவு தீர்மானிக்கப்படும். வலிக்கும் என்பது உண்மை. அதற்காகத் தவிர்த்துவிடக் கூடாது. முதல் தடுப்பூசி போட்ட நாளிலேயே கொடுப்பது நல்லது. அன்று கிடைக்காவிட்டால் அதிலிருந்து ஏழு நாளுக்குள் கொடுக்கலாம். “என்னுடையது மூன்றாம் வகைக் காயமா, இம்யூனோகுளோபுலின் தேவையா?” என்று நேரடியாகக் கேட்பது நோயாளியின் உரிமை, அந்த மருந்து அங்கே இருப்பில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அன்றே புறப்பட வேண்டும்.

தடுப்பூசி அட்டவணை நாட்டுக்கு நாடும், தசையில் போடுகிறார்களா தோலுக்குள் போடுகிறார்களா என்பதைப் பொறுத்தும் மாறும். முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து ஊசி போடுவது பழக்கமான தசைமுறை. தோலுக்குள் இரண்டு இடங்களில் 0, 3, 7 ஆகிய நாள்களில் போடும் குறுகிய முறையை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. எந்த முறையானாலும் தொடங்கியதை முடிப்பதே முக்கியம். முன்பே முழுமையாகத் தடுப்பூசி எடுத்தவருக்குக் குறைவான ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஆகவே பழைய அட்டை இருந்தால் எடுத்துச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் இச்சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ரேபிஸ் அச்சம் மற்றவற்றை மறைத்துவிடக் கூடாது. நாயின் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ஒரே நாளில் காயத்தைச் சிவந்து வீங்கச் செய்யும். கையில் விழும் கடிகள் மூட்டையும் தசைநாணையும் எட்டிவிடுவதால் அங்கே நோய்த்தொற்று எளிதாக வேரூன்றும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டோம் என்பதும் தேவைப்படும். காயத்தை உடனே தைக்காமல் திறந்து விட்டால் அது அலட்சியம் அன்று. கடிக்காயத்தைத் தைப்பதை இயன்றவரை தள்ளிப்போடுவதும், தைத்தே தீர வேண்டிய இடத்தில் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகே தைப்பதும் முறை.

இங்கேதான் மருத்துவமும் சட்டமும் ஒரே காகிதத்தில் சந்திக்கின்றன. மருத்துவரின் முதல் குறிப்பில் பதிவாகும் சொற்களே பின்னர் எந்த அலுவலகத்திலும் முதல் சான்றாகப் படிக்கப்படும். கடித்த நாள், நேரம், இடம், நாய் யாருடையது, கட்டப்பட்டிருந்ததா, எத்தனை முறை கடித்தது ஆகியவற்றை உள்ளபடியே சொல்ல வேண்டும். சங்கடத்தைத் தவிர்க்கவோ தெரிந்தவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமலோ “எங்கிருந்தோ வந்த நாய்” என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்து அண்டை வீட்டுக்காரரிடம் செலவைக் கேட்டால், அந்தக் குறிப்பே நமக்கு எதிராக நிற்கும். அதேபோல் பெரிதுபடுத்திச் சொல்வதும் வேண்டாம். வெளியே வரும்போது சிகிச்சைக் குறிப்பின் நகல், தடுப்பூசி அட்டை, ரசீதுகள் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

நாயைக் கண்டறிவது ஏன் இவ்வளவு முக்கியம்

நாய் எது, அதை வைத்திருப்பவர் யார் என்பதை அறிவது வழக்குக்காக மட்டும் அன்று. ரேபிஸ் தாக்கிய நாயின் எச்சிலில் வைரஸ் வெளிப்படத் தொடங்கிய சில நாள்களிலேயே அந்த நாய் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். ஆகையால் கடித்த நாய் 10 நாள்கள் ஆரோக்கியமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். மீதமுள்ள ஊசிகளை நிறுத்தலாமா என்பதை அப்போது மருத்துவர் முடிவு செய்வார். இந்தப் பத்து நாளும் சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருக்கலாம் என்று இதைப் புரிந்துகொண்டால் அது உயிருக்கே ஆபத்து. ஊசியை அன்றே தொடங்கி, நாயையும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சரி. கோபத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடுவது இந்தத் தகவலை நாமே அழித்துக்கொள்வதாகும். ரேபிஸை உறுதிசெய்யும் சோதனைக்கு நாயின் மூளைத் திசு சேதமின்றித் தேவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உரிமையாளரிடம் பேசும்போது பெயர், முகவரி, தொலைபேசி எண், நாயின் தடுப்பூசிச் சான்று, உரிமம் அல்லது பதிவு எண், அவரிடம் காப்பீடு இருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிச் சான்றைப் படம் எடுக்க அனுமதி கேட்கலாம். சான்று இருக்கிறது என்பதற்காக நம் சிகிச்சையைக் கைவிடக் கூடாது. அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். “என் மேல்தான் தவறு, நான்தான் பக்கத்தில் போனேன்” என்பது போன்ற மரியாதைச் சொற்களையும் தவிர்க்க வேண்டும்; பதற்றத்தில் பணிவாகச் சொன்ன ஒரு வாக்கியம் பின்னாளில் ஒப்புதலாகக் காட்டப்படக்கூடும். அவர் விவரம் தர மறுத்தால் வற்புறுத்தாமல், வீட்டையும் நாயின் நிறம், அளவு, கழுத்துப்பட்டை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்திடமோ உள்ளாட்சியிடமோ அந்த வேலையை விடலாம்.

பார்த்தவர்கள் இருந்தால் அவர்களுடைய பெயரையும் எண்ணையும் அங்கேயே வாங்க வேண்டும். பக்கத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், அதன் பதிவு சில நாள்களிலேயே தானாக அழிந்து புதிய பதிவுக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால், குறிப்பிட்ட நாளையும் நேரத்தையும் சொல்லிப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேட்பது அவசரமான வேலை. அன்றிரவே, நினைவு புதிதாக இருக்கும்போது, நடந்ததை நம் சொந்த நடையில் ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைப்பதும் பயன்படும்.

உள்ளாட்சியின் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கோ விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்க வேண்டும். காயம் பெரிதாக இருந்தாலோ, நாய் அவிழ்த்து விடப்பட்டிருந்தாலோ, ஏவிவிடப்பட்டிருந்தாலோ காவல் நிலையத்திலும் புகார் பதிய வேண்டும். அண்டை வீட்டாரோடு பகை வருமே என்று தயங்குவோருக்கு நான் சொல்வது இது: புகார் பதிவது அவரைச் சிறைக்கு அனுப்புவதாகாது; அந்த நாய் நாளை இன்னொரு குழந்தையைக் கடித்தால், இது முதல் முறை அன்று என்று சொல்ல இருக்கும் ஒரே ஆவணம் நீங்கள் இன்று கொடுத்த தாளாகவே இருக்கலாம்.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது

நாய்க்கடிக்கான பொறுப்பைச் சட்டங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றாலோ பலவற்றாலோ தீர்மானிக்கின்றன. உரிமையாளர் தவறு செய்தாரா இல்லையா என்று பார்க்காமலேயே அவரைப் பொறுப்பாக்குவது ஒன்று. தன் நாய் ஆபத்தானது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்ப்பது இன்னொன்று. நியாயமான கவனத்தோடு நாயைக் கட்டுப்படுத்தினாரா என்று பார்ப்பது மூன்றாவது. உங்கள் ஊரில் எது செல்லும் என்பதைப் பொறுத்தே நீங்கள் எதை நிரூபிக்க வேண்டும் என்பதும் மாறும். ஆகையால் வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

தவறைப் பாராத பொறுப்பு மிகப் பழையது. விலங்கு கேடு செய்தால் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும், அல்லது அந்த விலங்கையே ஒப்படைக்க வேண்டும் என்று பண்டைய ரோமானியச் சட்டம் விதித்தது. அதன் தொடர்ச்சி தென்னாப்பிரிக்காவில் இன்றும் உயிரோடு இருக்கிறது: வழியே போய்க்கொண்டிருந்த ஒருவரை மூன்று நாய்கள் தாக்கி அவர் ஒரு கையை இழந்த வழக்கில், யாரோ அத்துமீறி வாயிற்பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் வெளியேறின என்று உரிமையாளர் வாதிட்டும், 2020-இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையே பொறுப்பாக்கியது. ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 833-ஆம் பிரிவு, பொழுதுபோக்குக்காக வளர்க்கும் நாய்க்கு அதை வைத்திருப்பவரைத் தவறின்றியும் பொறுப்பாக்குகிறது. தொழிலுக்காக வைத்திருக்கும் விலங்கானால் மட்டும், தேவையான கவனம் எடுத்தேன் என்று அவர் நிரூபித்துத் தப்பிக்க இடம் தருகிறது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 1243-ஆம் பிரிவு, விலங்கு அப்போது உரிமையாளரின் காவலில் இருந்தாலும் தப்பி ஓடியிருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்கிறது. கலிஃபோர்னியாவின் உரிமையியல் சட்டத்தில் 3342-ஆம் பிரிவும் இதே திசையில் செல்கிறது; பொது இடத்திலோ, சட்டப்படி நுழைந்த தனியார் இடத்திலோ கடிபட்டால், அந்த நாய் முன்பு யாரையும் கடித்ததே இல்லை என்ற விடை செல்லாது. தபால் கொடுக்க வருபவர் சட்டப்படி நுழைந்தவரே என்பதை அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் உரிமையாளரின் அறிவையோ கவனக்குறைவையோ நிரூபிக்கத் தேவையில்லை. கடிபட்டவரிடம் தவறு இருந்தால் தொகை மட்டும் குறையும்.

இரண்டாவது வழியில், நாயின் இயல்பு உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தின் 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் நாய்களைப் பொறுத்தவரை இதைச் சார்ந்தே நிற்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட ஒருவருடைய நாயானால் அந்தக் குடும்பத் தலைவரையும் பொறுப்பாளராக அது கருதுகிறது என்பது பலர் அறியாத விவரம். முதல் கடிக்கு யாரும் பொறுப்பில்லை என்று இதை மக்கள் சுருக்கிச் சொல்வது தவறு. இதற்கு முன் கடித்திருந்தால்தான் தெரியும் என்பதில்லை. அந்த நாய் முன்பு சீறிப் பாய்ந்ததை அண்டை வீட்டார் பார்த்திருப்பதும், உரிமையாளரே அதற்கு வாய்க்கூடு மாட்டி அழைத்துச் செல்வதும், தபால்காரர் முன்பே முறையிட்டிருப்பதும் அவருக்குத் தெரியும் என்பதன் அடையாளங்கள். “நாய்கள் ஜாக்கிரதை” என்ற பலகையும் இரு பக்கம் கூர்மையுள்ளது: எச்சரித்தேன் என்று உரிமையாளர் அதைக் காட்டலாம், ஆபத்து என்று அவருக்கே தெரிந்திருந்தது என்று நாமும் காட்டலாம். அதைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

மூன்றாவதான கவனக்குறைவில், திறந்து கிடந்த வாயில், அறுந்த கயிறு, பெரிய நாயைச் சிறுவனிடம் கொடுத்து அனுப்பியது, கட்டாயம் கயிறு போட வேண்டிய இடத்தில் அவிழ்த்து விட்டது ஆகியவை சான்றாகும். நாய் கடிக்காமல், பாய்ந்து தள்ளியதால் கீழே விழுந்து எலும்பு முறிந்தாலும் இந்த வழியில் உரிமை கோரலாம்.

இவை உரிமையியல் சார்ந்தவை. குற்றவியல் வழி தனியானது. அதில் தண்டனை உண்டு, நமக்குப் பணம் வருவது பொதுவாக இல்லை. இந்தியாவில் முன்பு தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம், கட்டுப்பாடின்றி ஆபத்து விளைவிக்கும் எந்த நாய்க்கும் பொருந்தும். 2014-இல் செய்த மாற்றத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது தனியார் இடங்களுக்கும் நீண்டது.

எதிர்த்தரப்பு பெரும்பாலும் எடுக்கும் வாதங்கள் இரண்டு: நாயைச் சீண்டினார், அல்லது அத்துமீறி நுழைந்தார். வாயிலைத் தட்டி வருபவர், பொருள் கொடுக்க வருபவர், அளவுமானி பார்க்க வருபவர் ஆகியோரைப் பொதுவாக அத்துமீறியவர் என்று கருத முடியாது. நாயின் அருகே நின்றதும் தடவ முயன்றதும் சீண்டலாகிவிடாது. சிறு குழந்தையின் செயலைப் பெரியவரின் அளவுகோலால் அளக்கும் நீதிமன்றங்களும் குறைவே. உண்மையிலேயே நம் பக்கம் சிறிது தவறு இருந்தாலும், உரிமை முழுதும் போய்விடும் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். பல சட்டங்களில் தொகை அந்த விகிதத்தில் குறையுமே தவிர மறுக்கப்படாது.

உரிமையாளர் இல்லாத நாய் கடித்தால் என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. தெருநாய்களைக் கட்டுப்படுத்தும் கடமை சட்டப்படி உள்ளாட்சிக்கு இருக்கும் இடங்களில், அந்தக் கடமை தவறியது என்று காட்டி அரசிடம் ஈடு கேட்கலாம். 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், தெரு விலங்குகளால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு தருவதில் பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும், சதை பிய்ந்த இடத்தில் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்றும் கணக்கு வகுத்தது. அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இத்தகைய கணக்கில் நன்றாக விளங்கும். அதே இடத்தில் முன்பும் நாய்த் தொல்லை பற்றி யாராவது புகார் கொடுத்திருந்தால் அதன் நகலைத் தேடிச் சேர்ப்பது இவ்வழக்குகளுக்கு உயிர்நாடி.

பணமும் கையெழுத்தும்

கோரக்கூடியவை மருத்துவச் செலவோடு முடிவதில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் போய்வந்த செலவு, இழந்த கூலி அல்லது ஊதியம், உடனிருந்து கவனித்தவர் விட்ட வேலை, கிழிந்த உடை, பின்னாளில் தேவைப்படும் தழும்பு அறுவைச் சிகிச்சை, வலி, உருக்குலைவு, நாயைக் கண்டாலே நடுங்கும் அச்சத்துக்கு எடுத்துக்கொண்ட மனநலச் சிகிச்சை ஆகியவற்றையும் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி வாரியாக எழுதி வந்தால் போதும்; வாரம் ஒருமுறை காயத்தைப் படம் எடுத்து அதனுடன் சேர்க்க வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும்போது கடிபட்டிருந்தால், உரிமையாளரிடம் கேட்பதோடு, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடமும் கேட்கும் வாய்ப்பு உண்டு. அதற்கு உடனே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளரிடம் பணமில்லை என்று தோன்றினாலும் அவருடைய வீட்டுக் காப்பீடோ பொறுப்புக் காப்பீடோ இதை ஏற்கக்கூடும். ஜெர்மனியின் பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய் வைத்திருப்பவருக்குப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைத்துப் பேசுபவர் அன்பாகப் பேசினாலும் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பதை மறக்காமல், ஒலிப்பதிவுடன் வாக்குமூலம் தருவதைச் சட்ட ஆலோசனை கிடைக்கும்வரை தள்ளிவைக்கலாம்.

முதல் வாரத்திலேயே ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்பது வழக்கம். அப்போது வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தழும்பு இறுதி வடிவத்துக்கு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். வளரும் குழந்தையின் முகத்தில் இன்னும் தாமதமாகும். விரலின் நரம்பு முழுதாகத் திரும்புமா என்பது முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. உடனடிச் செலவுக்குப் பணம் தேவையென்றால், “மருத்துவச் செலவில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன், மற்ற உரிமைகள் நிலுவையில் உள்ளன” என்று ரசீது எழுதிக் கொடுத்து வாங்கலாம்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வழக்குத் தொடுக்கும் காலவரம்பு இங்கிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டு, கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டு. இங்கிலாந்தில் குழந்தைக்கு அந்த மூன்று ஆண்டு 18 வயது நிறைந்த பிறகே தொடங்கும். வேறு பல நாடுகளிலும் சிறுவருக்கு இத்தகைய சலுகை உண்டு. ஆனால் அரசு அமைப்பின் மீது கோருவதானால் வரம்பு மிகக் குறுகும். கலிஃபோர்னியாவில் அதற்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கோரிக்கை கொடுத்தாக வேண்டும். ஆகவே வழக்கறிஞரை முதல் மாதத்திலேயே ஒருமுறை பார்த்து, கடைசித் தேதியைத் தடுப்பூசி அட்டையின் பின்புறத்திலேயே எழுதிக்கொள்வது பாதுகாப்பு. முதலில் உரிமையாளருக்கு நடந்ததையும் செலவுக் கணக்கையும் குறிப்பிட்டுப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பி, பதில் தர ஒரு கெடு கொடுக்கலாம். பல விவகாரங்கள் அங்கேயே பேச்சுக்கு வருகின்றன.

பேச்சுக்கு வரும்போது பணத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று கேட்பதைவிட, அது மறுபடி யாரையும் கடிக்காத ஏற்பாட்டைக் கேட்பது எளிதில் கிடைக்கும், பயனும் தரும். வெளியே வரும்போது கயிறும் வாய்க்கூடும், தானாக மூடிக்கொள்ளும் வாயில், உயர்த்திய வேலி, ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுச் சான்றைக் காட்டுவது, பயிற்சியாளரிடம் அனுப்புவது ஆகியவற்றைத் தேதிகளோடு ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் என்ன என்பதையும் அதிலேயே சேர்த்து, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு, ஒரு நகலை முன்பு புகார் கொடுத்த அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.